உள் டயரைத் தட்டிப் பாருங்கள்

நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கும் எங்களுக்குத் திரும்பி வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தருமபுரியைத் தாண்டி சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் சரியில்லை என்று தெரியவந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. அதனால், "எல்லாம் பாத்தாச்சுங்கண்ணா" என்று மாற்று டிரைவர் சாவியைக் கொடுத்தாலும், வண்டியை ஒரு சுற்று சுற்றி வராமல் நான் ஏறுவதில்லை. அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவர் பார்த்ததற்குப் பிறகும் வண்டி ஓடியிருக்கிறது.

டயரைக் காலையில், சூடேறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடி வந்து நின்ற டயரில் காற்று கூடுதலாகத்தான் காட்டும். பின்னால் உள்ள ஜோடி டயர்களில் உள் டயர்தான் ஏமாற்றும். அதில் காற்று இறங்கினாலும் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், வண்டி சாயாது. அப்படியே ஓட்டினால் காற்றில்லாத டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே இரும்பு ராடால் ஒவ்வொன்றையும் தட்டுவேன். காற்றுள்ள டயரில் ராடு துள்ளித் திரும்பும். இறங்கிய டயரில் 'தொப்'பென்று அமுங்கும். கொஞ்சமாகக் குறைந்திருப்பதைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கேஜ் வேண்டும். ஜோடி டயர்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். குவாரிப் பக்கம் போய் வந்த வண்டியில் கல் சிக்கியிருக்கும்.

வீல் நட்டிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். டயர் கழற்றி மாட்டிய வண்டியை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி, மறுபடி டைட் வைக்க வேண்டும்.

அடுத்தது ஏர். சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, முள் 8 கிலோ பக்கம் ஏறும்வரை இன்ஜினை ஓட விடுவேன். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பிரேக்கை முழுதாக மிதித்து ஒரு நிமிஷம் பிடிப்பேன். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் கிளீனர் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவான். இன்ஜின் சத்தம் இல்லாதபோது 'புஸ்' சத்தம் தெளிவாகக் கேட்கும். ஏர் டேங்கிலுள்ள தண்ணீரையும் திறந்துவிட வேண்டும். தண்ணீரோடு ஆயில் நிறைய வந்தால் கம்ப்ரஸரை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வழக்கமாகப் பார்ப்பவைதான். பின்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையை ஈரத்துணியால் துடைப்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். ராத்திரியில் ஓரமாக நிற்கும் லாரி பின்னால் வருகிறவருக்குத் தெரிவது அதை வைத்துத்தான். கயிறும் தார்ப்பாயும் கிளம்பும்போது இறுக்கமாக இருந்தால் போதாது. லோடு குலுங்கி அமுங்கியதும் கயிறு தொய்ந்துவிடும். முதல் டீக்கு நிறுத்தும் இடத்திலேயே அதை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். கியர் பிடிக்க வேண்டிய பாரத்தையும் பிரேக்கே சுமந்தால் டிரம் காய்ந்து லைனிங்குக்குப் பிடிப்பு போய்விடும். இறக்கத்துக்கு முன் இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே பிரேக் பிடிக்காமலே இருக்கலாம். எதுவானாலும் மெக்கானிக் பார்த்த பிறகுதான் இறக்கம்.