ராத்திரிக் காத்தை உள்ளே விடு கண்ணு

ஏசி வாங்கலாமான்னு கேட்டே. கொஞ்சம் பொறு கண்ணு. நம்ம கோயமுத்தூர்ல ஏப்ரல் பகல் 36 டிகிரி வாக்குல காய்ஞ்சாலும், விடியக்காலம் 24-க்கு இறங்கிரும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற இருக்கு. இந்தக் குளுமையை வீட்டுக்குள்ள பிடிச்சு வெச்சுக்கிட்டா பாதி வெக்கை குறையும்.

1. ராத்திரி திற, காலையில சாத்து
வெளிக்காத்து வீட்டைவிடக் குளுந்த பொறவு ஜன்னலைத் திற. வெயில் ஏறறதுக்குள்ள சாத்தித் திரை போட்டுரு. பகல் பூரா திறந்து வெச்சா அனல்தான் உள்ள வரும்.

2. சூடு வெளியேற மேல வழி விடு
சூடான காத்து மேலதான் ஏறும். சாயங்காலம் மாடிப்படி உச்சியில நின்னு பாரு, முகத்துல அடிக்கும். அங்க இருக்கற சுவத்துல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டு. அமெரிக்காவுல சீலிங்ல பெரிய ஃபேனை வெச்சு வீட்டுச் சூட்டையே பரண் வழியா வெளியே தள்ளுவாங்க. இதுவும் அதே வேலைதான். ரூம் கதவையும் கீழ் ஜன்னலையும் திறந்துட்டு ஓட்டு. ஜன்னலோரம் ஊதுபத்தி காட்டினா புகை வீட்டுக்குள்ள சாயணும். சாயலைன்னா கொசுவலையில தூசி அடைச்சிருக்கான்னு பாரு. 100 வாட் ஃபேன் 8 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது.

3. ஃபேனுக்குக் கிழக்குச் சுவர்
ஆனி, ஆடியில மேகாத்து பலமா வீசும். மேற்குச் சுவத்துல மாட்டினா ஃபேன் அந்தக் காத்தை எதிர்த்து முக்கும். சாரலும் உள்ள அடிக்கும்.

4. ஓட்டு வீடு, ஷீட்டு வீடு
ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல வெக்கை தங்கும். ரெண்டு பக்க முக்கோணச் சுவத்துலயும் ஜாலி வெச்சு, எலி நுழையாம கம்பி வலை அடிச்சுரு. ஷீட்டு வீடுன்னா, திருப்பூர்ப் பக்கம் கம்பெனிக் கூரைகள்ல சுத்துமே, அந்த டர்போ வென்டிலேட்டர் நல்லது. காத்துலயே சுத்தும், கரண்ட் வேண்டாம்.

5. மொட்டை மாடிக்கு வெள்ளை
பகல்ல குடிச்ச வெயிலைக் கான்கிரீட் ராத்திரிதான் கக்கும். விரிசலை அடைச்சுட்டு, கூல் ரூஃப் பெயின்டோ சுண்ணாம்போ அடி. தளம் கொதிச்சுக் கிடந்தா ஃபேன் மட்டும் போதாது.

6. இதை மறக்கவே கூடாது
ஜன்னலெல்லாம் சாத்திட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டாதே. கேஸ் கீசர், விறகடுப்புப் புகையை அது வீட்டுக்குள்ளயே இழுத்துரும். அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது; உயிருக்கே ஆபத்து.

செலவை இந்த வரிசையில பண்ணு: முதல்ல மாடிக்கு வெள்ளை, அப்பறம் ஃபேன், அப்பவும் தாங்காத ஒரு ரூமுக்கு மட்டும் ஏசி. ஏசி ஓடறப்ப எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திரு. ராத்திரியும் புழுங்கற நாள்ல வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா, கரண்ட் பில்லைப் பாக்காம ஏசியைப் போட்டுரு கண்ணு.