கடை வாங்குமுன் பார்க்க வேண்டிய வில்லங்கம்

சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்தி, ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் இலட்சக்கணக்கான வெள்ளி கொடுத்துக் கடை வாங்கும்போது மட்டும், "நம்ம ஊர்க்காரர், பள்ளிவாசலில் அன்றாடம் பார்க்கிறவர்" என்ற ஒரே பேச்சில் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆள் நல்லவராயிருக்கலாம், கிராண்ட் நல்லதாயிருக்கிறதா என்பது வேறு விஷயம்.

தீபகற்ப மலேசியாவில் சொத்துக்கு ஆதாரம் நில அலுவலகத்திலுள்ள ரிஜிஸ்தரே. விற்பவர் கையிலிருக்கும் கிராண்ட் அதன் பிரதிதான். மூன்றாமவர் ஒருவர், "இதில் எனக்கும் பாத்தியதை உண்டு" என்று கேவியட் போட்டிருந்தால், அது ரிஜிஸ்தரில் இருக்கும், கையிலுள்ள தாளில் தெரியாது. ஆகையால் முன்பணத்துக்கு முன்பாகவே கட்டணம் கட்டி, அதிகாரபூர்வத் தேடுதல் சான்றிதழ் பெறவேண்டும். உடையவர் பெயர், குத்தகை நிலமானால் அது முடியும் ஆண்டு, மாற்றுவதற்கு மாநில அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அதில் காணும். வங்கி அடமானம் இருந்தால் பயப்படவேண்டாம். கிரயப் பணத்திலேயே மீட்டுக்கொள்ளலாம்.

மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றிருந்தால் நிற்கவேண்டும். "நாமும் முஸ்லிம்கள்தானே" என்று சிலர் எண்ணுகிறார்கள். 1933ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் மார்க்கத்தை மட்டும் பார்க்கவில்லை. மலாய் இனத்தவராகவும், மலாய் மொழி பேசுகிறவராகவும் இருக்கவேண்டும் என்கிறது. கெடா போன்ற மாநிலங்களில் விளக்கம் வேறு. வழக்கறிஞரைக் கேளாமல் இதில் கை வைப்பது பணத்தை ஆற்றில் போடுவதுதான்.

நம்மவரிடையே மிகுதியாகக் காணும் வில்லங்கம், மவுத்தானவர் பெயரிலேயே கடை நிற்பது. வாப்பா வாங்கிய கடையில் பிள்ளைகள் இருபது முப்பது வருஷம் வியாபாரம் செய்வார்கள்; நிலவரி, நகராட்சி வரி ஒழுங்காகக் கட்டுவார்கள்; பெயரை மட்டும் மாற்றமாட்டார்கள். வரி ரசீது கிராண்ட் ஆகாது. இங்கிருக்கும் இரண்டு மகன்கள் கையெழுத்திட்டாலும் போதாது. கடையநல்லூரிலோ இராமநாதபுரத்துப் பக்கத்திலோ இருக்கும் தாயாரும், கட்டிக்கொடுத்த சகோதரிகளும் வாரிசுகளே. பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. "கலியாணத்தில் நகை போட்டாயிற்று" என்ற பேச்சு பராயிள் கணக்கில் சேராது. பங்கு கிடைக்காத சகோதரி பத்து வருஷம் கழித்து வழக்குப் போட்டால், கோர்ட்டில் நிற்பது வாங்கியவர்தான்.

இதற்கு வழியுண்டு. மவுத்தானவரின் மொத்தச் சொத்து 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்படாமல், அதில் நிலமும் இருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். 2024 ஜூலை 15க்கு முன் இந்த வரம்பு 20 இலட்சமாயிருந்தது. அதற்கு மேற்பட்டால் ஹைகோர்ட். வாரிசுகளின் பெயர் விசாரணைக்கு வருவதால் ஊரிலுள்ளவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது நலம். பெயர் விஷயமும் உண்டு. பழைய கிராண்டில் நம்மவர் பெயரைக் குமாஸ்தா தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். அடையாளக் கார்டிலோ வேறு எழுத்து. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்யவேண்டி வரும்.

பவர் பத்திரத்தைக் காட்டி மருமகன் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் ஹயாத்தாக இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கவும். அவர் ஊரில் மவுத்தாகிவிட்டால் சாதாரணப் பவரும் அவருடன் முடிந்தது. பவர் ஹைகோர்ட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

"ரிஜிஸ்தரில் என் பெயர் ஏறிவிட்டால் யாரும் அசைக்க முடியாது" என்பாரும் உண்டு. பினாங்கு நிலமொன்றில், வேறொருத்தி உடையவளாக நடித்துக் கையெழுத்திட்டு விற்ற வழக்கில், வாங்கியவர் பக்கமே 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் அதே நீதிமன்றம் குவாந்தான் நில வழக்கொன்றில் அந்தத் தீர்ப்பு தவறென்று கூறிவிட்டது. இன்று போலியிடம் நேராக வாங்கியவர், நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும், சொத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே விற்பவரின் முகத்தையும் அடையாளக் கார்டையும் வழக்கறிஞர் நேரில் ஒத்துப் பார்ப்பதற்கு நாம் கூச்சப்படவேண்டாம்.

எல்லாம் சரியென்று கண்டபின், வழக்கமான பத்து சதவீத முன்பணத்தை வழக்கறிஞர் கையில் நிறுத்திவைக்கச் சொல்லி, ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் நம் பெயரில் கேவியட் போட்டுவிடவேண்டும். யாரும் நீக்காவிட்டால் அது ஆறு வருஷம் நிற்கும். அதற்குள் கிரயம் முடியாவிட்டால் புதிதாகப் போடவேண்டும்.