வெங்கச்சங்கல்லும் செவ்வந்திக்கல்லும்

கே.ஜி.கண்டிகையில் எங்கப்பா ஜல்லி உடைக்கிறவர். அவர் வேட்டி மடியில் முடிந்து கொண்டுவந்த கற்களில்தான் என் சேகரிப்பு ஆரம்பம்.

நாம் வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் கடினம் 7. பேனாக்கத்தி அதைக் கீறாது. அது கண்ணாடியைக் கீறும். கால்சைட்டும் வெள்ளைதான். ஆனால் கத்திக்குக் கோடு விழும், அமிலம் பட்டால் நுரைக்கும். (லேபில் ஒரு சொட்டு கேட்டு வாங்குங்கள், திருடாதீர்கள்!) இரண்டு வெங்கச்சங்கல்லை இருட்டில் உரசிப் பாருங்கள், உள்ளே வெளிச்சம் தெரியும். சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்ததுதான்.

அதே குவார்ட்ஸில் துளி இரும்பு கலந்து, இயற்கைக் கதிரியக்கமும் பட்டால் ஊதா நிறம் வரும். அதுதான் செவ்வந்திக்கல். சூடேற்றினால் மஞ்சளாகிவிடும். நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், இதில் மணி செய்த தடயம் கிடைத்தது. என்னிடம் இருப்பது காங்கேயத்தில் வாங்கிய ஒரே துண்டு, சுண்டுவிரல் நகமளவு.

கல்லை நனைத்துத்தான் உடைக்க வேண்டும். குவார்ட்ஸின் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். அந்தத் தழும்பு ஆறாது. மூக்கில் துண்டு கட்டினால் போதாது. இதைப் படித்த அன்றுதான் அப்பாவின் இருமல் என் காதில் விழுந்தது. "தூசிதானேடா" என்கிறார். எக்ஸ்ரே எடுக்கத் திருத்தணிக்கு வாப்பா என்றால், ஒருநாள் கூலி போய்விடுமாம். இந்த ஞாயிறு குடத்தில் தண்ணீரோடு நானும் அவர் கூடப் போகிறேன்.