புதிய ஆட்டு ரோமமா? முதலில் 100 கிராம் நூற்றுப் பாருங்கள்

தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை இறைச்சிக்கு உரியவை. கம்பளிக்கு ஏற்ற ரோமம் தருபவை சிலவே. கோயம்புத்தூர் இன ஆட்டின் ரோமம் முரடானது. முரட்டுக் கம்பளிக்கு ஏற்றது. நீலகிரி இன ஆட்டின் ரோமம் மென்மையானது. நீலகிரி ஆட்டுடன் மெரினோ, ராம்புல்லே இனங்களைக் கலந்து சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட சாண்டினோ இனமும் மென்ரோமம் தருவதே.

முரட்டு ரோமத்தில் பழகிய கை, மென்ரோமத்தையும் அதே போக்கில் நூற்றால் நூல் அறும்; துவைத்த பின் துணி சுருங்கும். மூட்டை முழுவதையும் வாங்கிப் பணத்தை முடக்குவதற்கு முன் 100 கிராமில் சோதித்துப் பார்ப்பது நலம்.

மாதிரி எடுத்தல்

தோள், விலா, தொடை ஆகிய 3 இடங்களின் ரோமத்தையும் கலந்து எடுக்க வேண்டும். தோள் ரோமம் மென்மையாகவும் தொடை ரோமம் முரடாகவும் இருக்கும். தோள் ரோமத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு சிறு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதருகே வெடுக்கென இழுங்கள். நடுவில் அறுந்தால், நோயாலோ தீவனக் குறைவாலோ நலிந்த ஆட்டின் ரோமமாக இருக்கலாம். அது நூற்க உதவாது. அடைப்பான் நோயால் இறந்த ஆட்டின் ரோமத்தைத் தொடவே கூடாது.

கழுவுதல்

ரோமத்தை எடை போட்டு, மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, சோப்புக் கரைத்த சுடுநீரில் 15 நிமிடம் ஊற விடுங்கள். கசக்கவோ கிளறவோ கூடாது. கசக்கினால் ரோமம் கட்டிப் போகும். சலவைச் சோடாவும் வேண்டாம். அதே சூடுள்ள நல்ல நீரில் இருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, மீண்டும் எடை போடுங்கள்.

விலையை இந்த எடையைக் கொண்டே பார்க்க வேண்டும். கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு: கிலோ 60 ரூபாய் விலையுள்ள ரோமம் 100 கிராம் கழுவியதும் 60 கிராம் ஆனால், சுத்த ரோமம் கிலோ 100 ரூபாய் ஆகிறது. கிலோ 72 ரூபாய் ரோமம் 80 கிராம் நின்றால், சுத்த ரோமம் 90 ரூபாய்தான். விலை கூடியதாகத் தோன்றுவதே இங்கு மலிவு.

நூற்றல்

ரோமத்தை விரலால் உதிர்த்து, கம்பிப் பல் பலகையில் மெதுவாக வாருங்கள். அழுத்தி வாரினால் மென்ரோமம் சிறு முடிச்சுகளாகச் சுருளும். நூற்கும்போது ஒரு தடவை இழுக்கும் நீளம் ரோம நீளத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம்.

வாரிய ரோமத்தை 3 சம பங்காக்கி, ஒன்றைக் குறைந்த முறுக்கிலும், ஒன்றை நடுத்தர முறுக்கிலும், ஒன்றை மிகுந்த முறுக்கிலும் நூற்றுத் தனித்தனிச் சிட்டமாகக் கட்டுங்கள். குட்டையான மென்ரோமத்துக்கு முறுக்குக் கூடுதலாக வேண்டும். நீண்ட முரட்டு ரோமத்துக்கு அவ்வளவு முறுக்கு ஏற்றினால் நூல் கயிறுபோல் விறைக்கும்.

சோதித்தல்

ஒவ்வொரு சிட்டத்தின் நீளத்தையும் அளந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழியாமல் துணியில் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்தி, மறுபடியும் அளந்தால் சுருக்கம் தெரியும். பின்பு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு நெய்து கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் அது விரிப்புக்கு ஆகும், சால்வைக்கு ஆகாது. கட்டை விரலால் 50 முறை தேய்த்தும் நார் உதிராத முறுக்கே ஏற்ற முறுக்கு.

ஆட்டின் இனம், கத்தரித்த மாதம், கழுவுமுன்னும் பின்னும் எடை, நூலின் நீளம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிச் சிட்டத்தோடு கட்டி வையுங்கள். ரோமம் வாங்கப் போனாலும் நூல் விற்கப் போனாலும் அந்தச் சிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.