கார் எவ்வளவு பெற்றோல் குடிக்குது?

கனடாவில் குளிர்காலம். பெற்றோல் நிலையத்தில் அப்பா முணுமுணுக்கிறார்: "இந்தக் கார் நல்லாப் பெற்றோல் குடிக்குது!"

உண்மைதானா? நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பெற்றோல் தாங்கியை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். உடனே, பயணத் தூரம் காட்டும் எண்ணைப் பூச்சியம் ஆக்குங்கள். மறந்தால் கணக்கே இல்லை! அடுத்த முறை முழுதாக நிரப்பும்போது இரண்டு எண்களை எழுதுங்கள்: ஓடிய தூரம், ஊற்றிய லீற்றர்.

கார் 450 கிலோமீற்றர் ஓடியது. 36 லீற்றர் ஊற்றினார்கள். 36ஐ 450ஆல் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். விடை 8. அதாவது 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர்.

"வாங்கேக்க ஒட்டியிருந்த தாளில 7 எண்டுதானே இருந்தது?" என்கிறார் அப்பா.

கார் பழுதா? அவசரப்படாதீர்கள். குளிரில் இயந்திரம் சூடேற நேரம் எடுக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால், சூடேறும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். குளிரில் ரயர்க் காற்றின் அழுத்தமும் குறையும். "அப்பா, ரயருக்குக் காத்து அடிச்சனீங்களா?" என்று கேளுங்கள்.

கோடையிலும் இரண்டு மூன்று தடவை கணக்குப் பாருங்கள். அப்பவும் 8 என்றால் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

பயிற்சி: 500 கிலோமீற்றர் ஓட 45 லீற்றர் தேவைப்பட்டது. 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்?