கூடாரத்துக்கு முன் கொல்லைப்புறம்

பேச்சிப்பாறைப் பக்கம் நண்பரின் ரப்பர் தோட்டத்தில் கூடாரமடித்து ஓர் இரவு தங்கப் போகிறோம். கூடாரம் இருக்கிறது. வேறு என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, தக்கலை

கடைக்குப் போகுமுன் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஆகவே முதல் எதிரி ஈரம்தான். கூடாரத்தின் அடியில் தார்ப்பாய் விரித்து, வெளியே நீட்டும் ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். இல்லையேல் அதுவே மழைநீரை வாங்கி அடியில் தேக்கிவிடும். மேலே இன்னொன்றை இழுத்துக் கட்டத் தேங்காய்நார்க் கயிறு போதும். நைலான்தானே உறுதி என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்த வழவழப்பில் முடிச்சு நழுவும். சொரசொரப்பான நாரில் நழுவாது, நனைந்தாலும் சீக்கிரம் மக்காது. மாற்றுத்துணியும் தீப்பெட்டியும் மூடியுள்ள காலி பெயின்ட் வாளிக்குள் போகட்டும்; மூடிவிட்டால் உட்காரவும் ஆயிற்று. கால்களில் அட்டை ஏறினால், கல்லுப்பு முடிந்த ஈரத்துணியால் ஒற்றுங்கள், விழுந்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுதான்: டார்ச்சுக்குப் புது பேட்டரி.