ட்யூபின் பின்பக்கம் படியுங்கள்!

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். போன வருடம் என் முகத்தில் தெரிந்தது அகத்தின் அழகு அல்ல, மருந்துக்கடையில் வாங்கிய ஒரு களிம்பின் அழகு! அந்த அனுபவத்தையும் அதில் கற்ற பாடத்தையும் இந்த மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு நெற்றி, கன்னம் எல்லாம் பரு. அதோடு எதைப் போட்டாலும் எரிகிற தோல். விடுதியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் தேய் என்றான் ஒருவன். டூத்பேஸ்ட் வை என்றான் இன்னொருவன். இரண்டும் செய்தேன், எரிச்சல்தான் மிச்சம். கடைசியில் ஒரு மருந்துக்கடையில் போய் நின்றேன். "இதைப் போடுங்க தம்பி, ஒரே வாரத்துல மூஞ்சி பளபளன்னு ஆயிடும்" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தார்கள்.

சொன்னபடியே ஆனது! நானே என் அறை நண்பன் ஒருவனுக்கும் சிபாரிசு செய்தேன். மூன்று மாதம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது ட்யூபை விடுதியிலேயே மறந்துவிட்டேன். சில நாட்களில் முகம் செக்கச் செவேலென்று ஆகி, முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பியது. "என்னடா, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்று அம்மா பதறிப்போனார். இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்குப் பெயர் கொடுத்திருந்தும், நாலு பேர் முன்னால் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்தேன்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் மருத்துவர் அந்த ட்யூபின் பெயரைக் கேட்டதுமே கேட்டார்: "முன்பக்கம் படிச்சு வாங்கினியே, பின்பக்கம் படிச்சியாப்பா?"

அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது பருவை ஆற்றாது. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி மட்டும் வைக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், புதுப் பருவும் வரும். நிறுத்தினால் திருப்பி அடிக்கும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களைப் பார்த்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதற்கு மத்திய அரசு 2018-இல் தடை போட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிற கடை இருக்கத்தான் செய்கிறது. ஏற்கெனவே போடுகிறவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்தாமல், மருத்துவரைப் பார்த்து அவர் சொல்கிற முறையில் விடுங்கள்.

அன்றுமுதல் எதை வாங்கினாலும் பின்பக்கம் படிக்கிறேன். தெரிந்துகொண்டவை இவை:

1. சோப்பு: நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 5-க்கு அருகில் இருக்கும். முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் சிவப்பு லிட்மஸைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தோமே, நீலமாக மாறியது நினைவிருக்கிறதா? சாதாரணச் சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும். உறையில் போட்டிருக்கும் டி.எஃப்.எம். 76 சதவீதம் இருந்தால் முதல் தரம் என்பது உண்மைதான். ஆனால் அது கொழுப்பு அமிலத்தின் அளவே தவிர, தோலுக்கு மென்மை என்பதற்குச் சான்று அல்ல. எரிகிற தோலுக்கு 'சோப் ஃப்ரீ', 'சின்டெட்' என்று போட்டவை நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவினால் போதும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

2. கிரீம்: பரு இருக்கிறவர்களுக்குக் கிரீமே கூடாது என்பது தவறு. காய்ந்த தோல் மருந்தைத் தாங்காது. 'நான் காமெடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காதது என்று போட்டதை எடுங்கள். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தச் சோதனையை முதலில் முயலின் காதில்தான் செய்தார்கள். முயலின் காதும் நம் கன்னமும் ஒன்றல்ல. வாசனை சேர்க்காததா என்றும் பாருங்கள். பட்டியலில் 'ஃபிராக்ரன்ஸ்', 'பர்ஃப்யூம்' என்றிருந்தால் எரிகிற தோலுக்கு வேண்டாம். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் நாலைந்து பெயர்தான் முக்கியம்.

3. பரு மருந்து: பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் குறைக்கும். 2.5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். அளவு கூடினால் எரிச்சல்தான் கூடுமே தவிர, பலன் அந்த அளவுக்குக் கூடாது. தலையணை உறையை வெளுத்துவிடும், ஜாக்கிரதை! சாலிசிலிக் அமிலம் அடைப்பைத் தளர்த்தும். 2 சதவீதம் வரை போதும்.

4. நம் பழக்கங்கள்: தலைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்தால் அது நெற்றியில் இறங்கித் துளையை அடைக்கும். ஒர்க்‌ஷாப்பில் கட்டிங் ஆயில், கிரீஸ் பட்ட கையாலோ வேஸ்ட் துணியாலோ முகத்தைத் துடைக்காதீர்கள். எண்ணெய் பட்டே பரு வருகிற தொழிலாளர்கள் உண்டு.

5. சோதனை: புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் தினம் இரண்டு முறையாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. பரு மருந்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒரே வாரத்தில் பளபளப்பு என்று யாராவது சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

லீவு முடிந்து விடுதிக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, அந்த நண்பனைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதுதான். அவன் திட்டினான், வாங்கிக்கொண்டேன். "நீ சொன்னேன்னுதானடா போட்டேன்!" என்ற அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எனக்கு முழுதாகச் சரியாக எட்டு மாதம் ஆனது. தழும்பு கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.

ட்ராயிங்கைப் படிக்காமல் லேத்தில் ஜாப் போட நம் ஆசிரியர்கள் விடுவார்களா? முகத்துக்கு மட்டும் ஏன் நண்பர்களே அந்த அவசரம்? வாங்குமுன் ட்யூபைத் திருப்புங்கள். அடுத்தவருக்குச் சொல்லுமுன் இன்னொரு முறை திருப்புங்கள்!